கொட்டு நிற்கும் முன்

அந்தப் பையில இருக்கிறது பந்துதானே சார்? வாலிபால். பாத்ததுமே தெரிஞ்சுச்சு. காலுக்கடியில வைக்காதீங்க. இந்த பஸ்ல ஒரு பிரேக் போட்டான்னா உருண்டு டிரைவர்கிட்ட போய்த்தான் நிக்கும். நமக்கு நடுவுல வைங்க, நான் ஒடுங்கிக்கிறேன். வலையும் உள்ளதான் இருக்கா? பி.டி. வாத்தியாருங்களா. நினைச்சேன். கழுத்துல விசில் கயிறு தெரியுது.

நானும் ஆடினவன்தான். அடிக்கிற ஆள் இல்ல, தூக்கிக் குடுக்கிற ஆள். செட்டர். எங்க ஊர் டீமுக்குப் பதினெட்டு வருசம் தூக்கிக் குடுத்திருக்கேன். "நீங்க தூக்கிக் குடுத்துக்கிட்டே இருங்க மச்சான், அடிக்கிறவன் மாலை வாங்கட்டும்"னு எம்பொண்டாட்டி சொல்லும். பஞ்சவர்ணம்னு பேரு. எங்க அத்தை மகதான்.

அது என் போன்தான் சார். அடிக்கட்டும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதான் சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கு. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, துண்டுக்குள்ள சுத்தி வச்சிர்றேன்.

ஊர்ல இருந்துதான் கூப்புடுறாங்க. இன்னைக்கு எங்க ஊர்ல அழிகண்மாய். நீங்க எந்தப் பக்கம்? சேலமா. அப்பத் தெரிஞ்சிருக்காது. கோடையில கண்மாய்த் தண்ணி வத்தி இடுப்பளவுக்கு வந்துருச்சுன்னா, ஒரு நாளைக் குறிச்சுச் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லி விடுவோம். யாரு வேணாலும் வரலாம். பிடிச்ச மீனு பிடிச்சவனுக்கு. குத்தகை கிடையாது, ஏலம் கிடையாது. விடிஞ்சதும் ஜனம் வந்து கரையைச் சுத்தி நிக்கும். ஆளுக்கொரு ஊத்தா கையில இருக்கும். மூங்கில் கூடை சார், அடி இருக்காது. தண்ணிக்குள்ள மண்ணைத் தொடுற வரைக்கும் அமுக்கி, மேல் வாய் வழியாக் கையை விட்டு மீனைத் தேடணும். கெளுத்தி இருந்தா குத்தும். விரால் இருந்தா வழுக்கும். சர்க்கார் உத்தியோகத்துல இருக்கிறவன், வெளிநாட்டுல இருந்து லீவுல வந்தவன், எல்லாம் அன்னைக்குச் சேத்தோட சேறுதான்.

ஆனா நினைச்ச நேரத்துக்கு இறங்கிர முடியாது. முறை இருக்கு. கரையில இருக்கிற சாமியைக் கும்பிட்டதும் கொட்டு அடிக்க ஆரம்பிப்பாங்க. உறுமியும் தவிலும். நாலு ஊர்க்காரங்களும் வந்து சேர்ற வரைக்கும் விடாம அடிப்பாங்க. எல்லாரும் வந்தாச்சுன்னா அம்பலம் கையைத் தூக்குவாரு. அம்பலம்னா எங்க ஊர்த் தலைவரு சார், பேரு சோலைமலை, அம்பலம்னுதான் கூப்புடுறது. அவரு கையைத் தூக்கினா கொட்டு நிக்கும். கொட்டு நின்னதும் மடை மேல நிக்கிறவன் வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல மூணு சுத்துச் சுத்தி இறக்கணும். அதுக்கப்புறம்தான் ஒருத்தன் கால் நனையணும். துண்டு இறங்கினதும் பொம்பளைங்க குலவை போடுவாங்க.

கவனிச்சுக்கங்க சார். முதல்ல கொட்டு நிக்கணும். பிறகு துண்டு. பிறகு குலவை.

அந்தத் துண்டு வீசுறவன் நான்தான். இருபத்தாறு வருசமா நான்தான். கண்மாய் மடையைத் திறக்கிறதும் அடைக்கிறதும், எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணின்னு பாத்து விடுறதும் என் வேலை. எங்கப்பாவுக்கு அப்புறம் நான் பாத்தேன். என் பேரு முத்திருளன். தண்ணியைக் காத்தவன் கையால கண்மாய் அழியணும்கிறது எங்க ஊர் ஏற்பாடு.

இன்னைக்கும் நான்தான் வீசணும்னு சொன்னாங்க. நேத்துச் சாயந்திரம் அம்பலமே வீட்டுக்கு வந்தாரு. காலையில குளிச்சேன், வேட்டியைக் கட்டினேன், துண்டை எடுத்துப் பையில வச்சேன், ரோட்டுக்கு வந்தேன். இந்த பஸ் வந்துச்சு. ஏறிட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைச்சிராதீங்க. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. இப்ப எனக்குக் கோவமே வர்றதில்ல.

மதுரையில மக வீடு இருக்கு. அங்கதான் போறேன். மக வீட்டுல இல்ல. அழிகண்மாய்க்குன்னு நேத்தே ஊருக்கு வந்துருச்சு. வீடு பூட்டித்தான் கிடக்கும். பரவால்ல, வாசப்படியில உக்காந்துக்குவேன்.

என்னைய எதுக்கு மறுபடியும் மடை மேல ஏத்துறாங்கன்னு எனக்குத் தெரியாதா சார். நாலு ஊர் ஜனத்துக்கு முன்னால நிக்க வச்சு, "இந்தா, இவன்தான் போன வருசம் கொட்டு நிக்கும் முன்ன வீசினவன்"னு காட்டணும். அதுக்குத்தான்.

நான் வீசல சார். அதை உங்ககிட்டச் சொல்லிர்றேன். போன வருசம் நான் துண்டை வீசவே இல்ல. ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

சொல்றேன். மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு.

எங்க கண்மாய் பெரிய கண்மாயும் இல்ல, சின்னக் கண்மாயும் இல்ல. ஐப்பசி மழைக்கு நிறையும். தையில நெல்லு அறுப்போம். அப்புறமும் கொஞ்சம் தண்ணி கிடக்கும், அதுல கோடை நெல்லு கொஞ்சம் பேர் போடுவாங்க. பங்குனி பிறந்ததும் கண்மாய் உள்வாய் காய ஆரம்பிக்கும். கரையோரம் தண்ணி, அந்தப் பக்கம் வண்டல் காஞ்சு சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அதுலதான் எங்க வாலிபால் கோர்ட்டு. சுண்ணாம்புல கோடு போட்டு, ரெண்டு கம்பை நட்டு, வலையைக் கட்டினா ஆடி மாசம் வரைக்கும் ஆட்டம்தான். விழுந்தா முட்டி சிராய்க்காது. உங்க ஸ்கூல் கிரவுண்டுல அந்த மண்ணு கிடைக்காது சார்.

பந்து தண்ணிக்குள்ள போய் விழுந்துச்சுன்னா எடுக்கிறது யாருன்னு ஒரு சண்டை நடக்கும். கரையில புல்லு அறுக்க வர்ற பொம்பளைங்க நின்னு பாத்துட்டுக் கேலி பண்ணுவாங்க. பஞ்சவர்ணம் கேலி பண்ணினா ஆட்டமே நின்னு போயிரும். ஒருத்தன் அடிச்ச பந்து வெளியில போச்சுன்னா, "ஏப்பா, அந்தக் கோட்டைக் கொஞ்சம் நகட்டித்தான் போட்டு விடுங்களேன், பிள்ளை ஆசைப்படுது"ன்னு சொல்லும். அந்த ஆளு அன்னைக்கு முழுக்க ஒரு பந்தும் ஒழுங்கா அடிக்க மாட்டான்.

குரல் அப்படி சார். கும்மிக்குப் பாட்டு எடுத்துக் குடுக்கிறதும் அதுதான், குலவைக்கு முதல் குரல் குடுக்கிறதும் அதுதான். அது முதல்ல எடுக்கும், மத்ததுக எல்லாம் பின்னால சேரும். தெக்குக் கரையில போட்டா வடக்குக் கரையில மாடு தலையைத் தூக்கிப் பாக்கும். எப்படி அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கிறன்னு நான் கேட்டிருக்கேன். நீங்க மடையை ஒரேயடியாத் திறக்காம கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கிறீங்கல்ல, அந்த மாதிரிதான்னு சொல்லுச்சு.

நாக்கைச் சுழட்டுறதுல இருக்குன்னு மகளுக்குச் சொல்லிக் குடுத்துப் பாத்துச்சு. வரல. எம் மகளுக்கு நாக்கு சுத்தாது. சின்னதுல இருந்தே அப்படித்தான். பேரு தமிழரசி. ஒரே பிள்ளை.

போன வருசம் பங்குனிப் பொங்கலுக்குக் கும்மி அடிக்கயில பஞ்சவர்ணம் பாட்டைப் பாதியில நிறுத்திட்டு ஒதுங்கி உக்காந்துச்சு. தொண்டை கட்டினா எல்லாரும் உக்கார்றதுதானே. வேற ஒருத்தி எடுத்துப் பாடினா. அதை விடுங்க. நான் அழிகண்மாயைப் பத்திச் சொல்ல வந்தேன்.

மறுபடியும் அடிக்குது பாருங்க. ஆறாவது தடவை. விடுங்க சார்.

அன்னைக்கு மணி ஏழு இருக்கும். நான் மடை மேல நிக்கிறேன். கொட்டு அடிக்குது. மூணு ஊர்க்காரங்க வந்தாச்சு, மேலக்கரை ஊர்க்காரங்க மட்டும் வரல. அவங்க எப்பவும் கடைசியிலதான் வருவாங்க, அவங்க சாமி கும்பிட்டு முடிச்சு வரணும். எங்க ஆளுகளுக்குப் பொறுக்கல. ஊத்தாவைத் தரையில தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. தண்ணியில மீனு துள்ளுறது கண்ணுக்குத் தெரியுது. எல்லார் கண்ணும் என் மேலதான். இருபத்தாறு வருசமா எனக்கு அது பழக்கம். மூக்கைச் சொறியக்கூடக் கையைத் தூக்க மாட்டேன். ஒரு தடவை ஈ மொய்ச்சுச்சு, தலையை ஆட்டி ஓட்டினேன். துண்டு தோள்ல கிடக்கும், அதைத் தொடவே மாட்டேன்.

பொம்பளைங்க தெக்குக் கரையில. பஞ்சவர்ணம் மஞ்சச் சேலை. எல்லாருக்கும் முன்னால நிக்கிறது பழக்கம், முதல் குரல் குடுக்கிறது அதுதானே. நான் ஜனத்தைப் பாக்கிறேன், தண்ணியைப் பாக்கிறேன், அந்தப் பக்கம் பாக்கிறேன். நின்னுக்கிட்டிருந்த மஞ்சச் சேலை உக்காந்துருச்சு. சரி, கால் வலிக்குதுன்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல சாஞ்சுருச்சு. பக்கத்துல நின்ன நாலு பொம்பளைங்க குனியிறாங்க.

கத்தினேன் சார். கொட்டுச் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல.

வடக்குக் கரையில கோயில் ஓரமா சேவுகன் நின்னான். எங்க ஊர்ல ஒரே ஆட்டோ அவனுதுதான். ஆட்டோவை நிறுத்திட்டு, கையில ஊத்தாவோட என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னான். தோள்ல கிடந்த துண்டை எடுத்து அவனைப் பாத்து ஆட்டினேன். வா, வா, அந்தப் பக்கம் போன்னு. ரெண்டு தடவையோ மூணு தடவையோ. தலைக்கு மேல சுத்தல. பக்கவாட்டுல ஆட்டினேன். இப்படி.

சேவுகன் பாத்தான். நல்லாப் பாத்தான். சட்டையைக் கழட்டி ஆட்டோ மேல போட்டான். தண்ணிக்குள்ள குதிச்சான்.

அவன் பின்னால எல்லாரும் இறங்கிட்டாங்க. நாலு கரையிலயும். கொட்டு அடிச்சுக்கிட்டே இருக்கு, ஜனம் இறங்கிக்கிட்டே இருக்கு. உங்க ஓட்டப் பந்தயத்துல ஒருத்தன் முன்னால ஓடிட்டா விசில் ஊதித் திரும்பக் கூப்புடுவீங்கல்ல. கண்மாயில இறங்கினவனைக் கூப்பிட முடியாது சார். அதுக்கு எங்க ஊர்ல ஏற்பாடு கிடையாது. துண்டு இறங்கிருச்சுன்னு நினைச்சுத் தெக்குக் கரைப் பொம்பளைங்க குலவை வேற போட்டாங்க. குனிஞ்சிருந்த நாலு பேரைத் தவிர மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

ஆட்டோச் சாவி சேவுகன் இடுப்புல. அவன் கண்மாய்க்குள்ள. சேறு பூசினதுக்கப்புறம் எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க. நான் மடையை விட்டு இறங்கி அவன் பேரைச் சொல்லிக்கிட்டே தண்ணிக்குள்ள போறேன். எதுத்தாப்புல வர்றவன்லாம் சிரிக்கிறான், "என்ன மாமா, ஊத்தா இல்லாம வந்துட்டீங்க"ன்னு. அவனைக் கண்டுபிடிக்க அரை மணியாச்சு.

அதுக்குள்ள எங்க டீம் ஆளுக நாலு பேர் தெக்குக் கரைக்குப் போயிட்டாங்க. மடை ஓரக் கொட்டகையில வலையும் கம்பும் கிடந்துச்சு. வலையை நாலா மடிச்சு ரெண்டு கம்புலயும் கட்டி, அதுல கிடத்தித் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாங்க. இந்த மாதிரி வலைதான் சார். தாங்கும். நல்லாத் தாங்குச்சு. ரோட்டுல ஏதோ ஒரு வேனை நிறுத்தி ஏத்தியிருக்காங்க. நான் சேவுகனோட ஆட்டோவுல பின்னால போனேன். அவன் உடம்பெல்லாம் சேறு. மன்னிச்சுக்கங்க சித்தப்பா, மன்னிச்சுக்கங்க சித்தப்பான்னு சொல்லிக்கிட்டே ஓட்டினான். நான் அவன்கிட்ட, தலைக்கு மேல சுத்தினாத்தானேடா இறங்கணும், நான் பக்கவாட்டுலதானே ஆட்டினேன்னு கேட்டேன். அதைத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கத் தோணல.

ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியிலயே போயிருச்சுன்னுட்டாங்க.

டாக்டர் சின்ன வயசு. நல்ல மாதிரி. எத்தனை நாளா முடியாம இருந்துச்சுன்னு கேட்டாரு. ரெண்டு நாள்னு சொன்னேன். மக அதுக்குள்ள மதுரையில இருந்து வந்துருச்சு, பக்கத்துல நிக்குது. ரெண்டு நாள்தான்னா யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதும்மான்னு மகளைப் பாத்துச் சொன்னாரு. மக அதைப் பிடிச்சுக்கிச்சு. துக்கத்துக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. ரெண்டே நாளு, எங்கப்பா என்ன செய்வாருன்னு. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கு.

சாயந்திரம் திரும்ப ஊருக்குக் கொண்டுக்கிட்டு வந்தோம். மடையைத் தாண்டித்தான் வரணும். எங்க ஊர்ல ஒரு வழக்கம், ஆளாளுக்குப் பிடிச்ச முதல் மீனை மடைக்கல்லு மேல போட்டுட்டுப் போயிருவாங்க, அது மடைக்காரனுக்கு. விசயம் தெரியாத வெளியூர் ஜனம் அன்னைக்கும் போட்டுட்டுப் போயிருக்கு. மடை மேல மீனு குவிஞ்சு கிடக்கு. கெளுத்தி, குரவை, கெண்டை, விரால். காலையில இருந்து வெயில்ல கிடக்கு. வண்டியை நிறுத்தச் சொல்லி நான் இறங்கிப் பாத்தேன். எதுக்குப் பாத்தேன்னு தெரியல. எல்லாம் செத்துருச்சு. அடியில ஒரு விரால் மட்டும் வாயைத் திறக்குது, மூடுது. விரால் அப்படித்தான் சார், லேசுல போகாது. அதை எடுத்துத் தண்ணியில விட்டேன். மக வண்டிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் மீனு சாப்பிடல. விரதமெல்லாம் இல்ல. சாப்பிட்டாலும் ஒண்ணுதான், சாப்பிடாட்டியும் ஒண்ணுதான். உப்பு இருக்கா இல்லையான்னுகூட நாக்குக்குத் தெரியல.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் கண்மாய்க் கரையில ஊர்க்கூட்டம். மேலக்கரை ஊர்க்காரங்க வருத்தப்பட்டு வந்திருந்தாங்க. அவங்க வந்து சேர்றதுக்குள்ள கண்மாய் கலங்கிப் போச்சுல்ல, ஒரு மீனு கிடைக்கல. நூறு வருசத்துல இப்படி நடந்ததில்லைன்னாங்க. நான் எந்திரிச்சுச் சொன்னேன், நான் வீசல, ஆட்டோவைக் கூப்பிட்டேன்னு.

மேலக்கரை ஆளு ஒருத்தரு, ஒச்சப்பன்னு பேரு, ரொம்ப நியாயம் பேசுறவரு. அவரு கேட்டாரு. "துண்டை ஆட்டினியா, சுத்தினியா?"

"ஆட்டினேன்."

"மேலயா, பக்கத்துலயா?"

"பக்கத்துல."

"எந்திரிச்சு ஒரு தடவை ஆட்டிக் காட்டு."

ஆட்டிக் காட்டினேன் சார். அவ்வளவு பேருக்கு முன்னால. ஒச்சப்பன் எந்திரிச்சு அவரு துண்டை எடுத்து, இது ஆட்டுறது, இது சுத்துறதுன்னு செஞ்சு பாத்தாரு. இன்னொருத்தரும் எந்திரிச்சுப் பாத்தாரு. ஏழெட்டுப் பேர் நின்னு துண்டை ஆட்டிக்கிட்டிருக்காங்க. அந்நேரம் கரையில ஏறி வந்த ஒரு வெளியூரு ஆளு, கண்மாய் அழிஞ்சிருச்சான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேனாம். எனக்கு ஞாபகம் இல்ல, அம்பலம் சொன்னாரு.

அப்புறம் ஒச்சப்பன் வந்து என் கையைப் பிடிச்சு, "முத்திருளா, உன் மேல ஒரு குத்தமும் இல்லப்பா. எங்க வீட்டுப் பொம்பளை விழுந்திருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்"னாரு. அம்பலமும் அதையேதான் சொன்னாரு. கூட்டம் கலைஞ்சிருச்சு.

நான் விடல. அது எப்படிக் குத்தம் இல்லாமப் போகும்? துண்டு வீசினதுனாலதானே ஜனம் இறங்குச்சு, ஜனம் இறங்கினதுனாலதானே ஆட்டோ வரல, ஆட்டோ வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்ல. இல்ல, நான் வீசல, அது வேற விசயம். நான் வீசல, ஆனா ஜனம் வீசினேன்னு நினைச்சுச்சு. இதை யாராவது ஒருத்தன் உக்காந்து தீர்த்து வைக்கணும்ல. அம்பலம் வீட்டுக்கு நாலஞ்சு தடவை போனேன். அவரு காப்பி குடுத்து அனுப்பிர்றாரு. டீக்கடையில சொன்னேன். இப்ப நான் போனா டீக்கடையில நாலு பேர் எந்திரிச்சிர்றாங்க.

இந்த வருசம் மழை நல்ல மழை. மடையைத் திறந்தேன். முன்னெல்லாம் தண்ணி போற சத்தத்தை வச்சே எத்தனை சாண் திறந்திருக்குன்னு சொல்லிருவேன். இப்பக் குனிஞ்சு கோட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். சத்தம் கேக்குது, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. பங்குனியில கோர்ட்டுப் போட்டாங்க. என்னைய நாற்காலி போட்டு உக்கார வச்சு பாயிண்டு சொல்லச் சொன்னாங்க. பந்து இங்கயும் அங்கயும் போகுது. யாரு ஜெயிக்கிறான்னு தெரியல. நல்ல ஆட்டம்னு சொன்னாங்க.

அந்த வலைதான். அலசிக் காயப்போட்டுக் கட்டியிருந்தாங்க.

அடிக்குது, ஆமா. எடுத்துப் பேசணும்கிறீங்க. மணி என்ன சார்? எட்டேகாலா. ஏழு மணிக்கே அழிஞ்சிருக்கணுமே. இன்னும் கூப்புடுறாங்கன்னா, இன்னுமா கொட்டு அடிக்கிறாங்க? இருங்க. இந்தப் பச்சையைத்தானே அமுக்கணும். காதுல வச்சாக் கேக்காது, ஸ்பீக்கர்னு ஒண்ணு இருக்கு, அதை மக காட்டிக் குடுத்துச்சு.

அலோ. ஆமாம்மா. பஸ்ல. மேலூரு தாண்டிட்டேன். உன் வீட்டுக்குத்தான். பூட்டியிருக்குன்னு தெரியும். இல்லம்மா, உடம்பெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க சார் ஒருத்தரு இருக்காரு, பேசிக்கிட்டு வர்றேன். சரி. குடு.

அம்பலம் பேசுறாரு சார்.

கேட்டீங்கள்ல. நாலு ஊர்க்காரங்களும் நிக்கிறாங்களாம். மேலக்கரை ஆளுகதான் இன்னைக்கு முதல்ல வந்தாங்களாம். ஒச்சப்பன் மடைக்கிட்டயே நிக்கிறாராம். ஒருத்தனும் இறங்கலையாம். நீ வரலைன்னா பரவால்ல முத்திருளா, வாயால ஒரு வார்த்தை சொல்லு, நான் சுத்துறேன், நீ சொல்லாம ஒருத்தன் காலும் நனையாதுங்கிறாரு. இன்னைக்கு முழுக்க நிக்கச் சொன்னாலும் நிப்பானுகங்கிறாரு.

என்னையக் குத்தம் சொல்லத்தான் கூப்புடுறாங்கன்னு இருந்தேன்.

கொட்டு கேக்குதா? உறுமிச் சத்தம். அதைத்தான்... இருங்க.

நின்னுருச்சு.

கொட்டு நின்னுருச்சு சார். ஒரு சத்தம் இல்ல பாருங்க. அவ்வளவு ஜனம் நிக்குது, ஒரு சத்தம் இல்ல.

வீசுங்க அம்பலம். ம். வீசுங்க.

அந்தா. தண்ணிச் சத்தம். ஒரே நேரத்துல இறங்கினா அப்படித்தான் கேக்கும், மலையில மழை இறங்குற மாதிரி. போன வருசம் இப்படிக் கேக்கல. அன்னைக்கு அங்கொண்ணும் இங்கொண்ணுமா இறங்கினாங்க.

இப்பக் குலவை போடணும். போடலையே. யாரு முதல்ல எடுக்கிறதுன்னு நிக்கிறாங்க போல. எப்பவும் எடுக்கிறது...

இது எம் மக சார். தமிழரசி. போனைக் கையில வச்சுக்கிட்டே போடுது. கேக்குதுல்ல? உடையுது பாருங்க. நாக்கு சுத்தாது அதுக்கு. சுத்தவே சுத்தாது. மூச்சு வாங்குது. மறுபடி எடுக்குது. இப்ப மத்தவங்க சேந்துட்டாங்க.

முடிஞ்சிருச்சு.

சார், அந்த விசிலை நீங்க ஊதினா ஆட்டம் நிக்கும்ல. அந்த மாதிரி ஒண்ணு என்கிட்ட இருந்திருந்தா எப்ப ஊதியிருப்பேன்னு நினைக்கிறீங்க? துண்டு ஆட்டினப்பவா? இல்ல சார். அதுக்கு முன்னாடி.

பங்குனிப் பொங்கல் கும்மியில பாட்டைப் பாதியில நிறுத்துச்சுன்னு சொன்னேன்ல. தொண்டைக் கட்டு இல்ல. வீட்டுக்கு வந்து சொல்லுச்சு. "நெஞ்சு கனக்குது மச்சான், மூச்சு ஏற மாட்டேங்குது, ஒரு நடை மதுரைக்குப் போயிட்டு வந்துருவோம்"னு. கோடை நெல்லுக்குக் கடைசித் தண்ணி விட்டுட்டுப் போவோம்னேன். தண்ணி விட்டேன். மறுபடி கேட்டுச்சு. உள்வாயில மூணு நாள் வாலிபால் மேட்ச்சு, வெளியூர் டீமெல்லாம் வருது, அது முடியட்டும்னேன். மேட்ச்சு முடிஞ்சுச்சு. அப்புறம் அது கேக்கல. நானாத்தான் சொன்னேன், கண்மாய் அழியட்டும், நீ குலவை போடாம எப்படி, அதை முடிச்சுட்டு மறுநாள் காலையில மொத பஸ்ல போவோம்னு. சரின்னுச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. சேலையெல்லாம் எடுத்துப் பையில மடிச்சு வச்சிருந்துச்சு. இந்தப் பைதான் சார்.

ரெண்டு நாள் இல்ல. இருபத்தி மூணு நாள்.

யார்கிட்டயும் சொன்னதில்ல. மககிட்ட ரெண்டு நாள்னுதான் சொல்லியிருக்கேன். அதை வச்சுத்தான் அது நிக்குது.

என்ன சார்? எங்க காட்டுறீங்க?

போனா. வெளிச்சம் இருக்கு, ஆமா. சிவப்பை அமுக்கினாத்தான் நிக்குமா. நான் அமுக்கலையே.

இருங்க, ஏதோ சொல்லுது.

எத்தனை நாளுன்னு கேக்குது சார்.